எஃப்7 செத்துப்போன செஸ் போர்டு

"அந்த எலக்ட்ரானிக் செஸ் போர்டு விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருப்பது எட்டு வருடப் பழசு. காயை எடுக்கும் கட்டத்தில் ஓர் அமுக்கு, வைக்கும் கட்டத்தில் ஓர் அமுக்கு, ஓரத்தில் சிவப்பு விளக்குகள், அந்த வகை. போன மாதம்தான் ரிப்பேர் ஆகி வந்தது. 64 கட்டங்களில் எஃப்7 (கறுப்பு ராஜாவுக்குக் குறுக்கே முன்னால் ஒரு சிப்பாய் நிற்கும் கட்டம்) மட்டும் அமுக்கினால் உணரவில்லை. "அதெப்படி சார் ஒரே ஒரு கட்டம்?" என்றார் மெக்கானிக். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. வாங்கிய புதிதில் மிகக் கீழ் லெவலில் வைத்துக்கொண்டு, பிஷப் சி4, ராணி ஹெச்5, பிறகு எஃப்7இல் ஒரே போடு என்று நாலு நகர்வு மேட்டை (ராஜா தப்பவே முடியாத முடிவு) எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்! லெவலை ஏற்றியதும் அது ஜி6 சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டக் கற்றுக்கொண்டது. அப்புறம் நான் கறுப்பு எடுத்தேன், அது என் எஃப்7ஐக் குத்தியது. அந்தக் கட்டம் தேயாமல் எது தேயும்?

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பேட்டரி மாதக்கணக்கில் வரும். காய்கள் கைக்கு அடக்கம். ஆட்டமும் நேர்மை.

ஆனால் அந்த 'பீப்' இருக்கிறதே! செக் வைத்தால், அதாவது ராஜாவைத் தாக்கினால், பீப், பீப் என்று இரண்டு தடவை கத்தும். எல்லாச் செக்குக்கும் ஒரே கத்தல்தான். குதிரை வைக்கும் செக்கை நடுவில் காய் வைத்து மறைக்க முடியாது. இரண்டு காய்கள் ஒன்றாக ராஜாவைத் தாக்கும் டபுள் செக் என்றால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. சி7க்குக் குதிரை வந்து ஈ8 ராஜாவையும் ஏ8 யானையையும் ஒன்றாகத் தாக்கும்போதும் அதே பீப். பதறிப்போய் ராஜாவை நகர்த்துவேன், யானை போய்விடும். தடுக்க வேண்டியது அதற்கு முந்தின நகர்வில். அப்போதோ அது வாயே திறக்காது.

ஒரு ஆட்டம் இன்னும் உறுத்துகிறது. நான் கறுப்பு. காஸ்லிங் (ராஜாவை யானையோடு ஓரத்துக்கு ஒதுக்கும் நகர்வு) முடித்து ராஜா ஜி8இல், பக்கத்தில் எஃப்8இல் யானை, முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல். எஃப்6 குதிரையை வெட்டுக் கொடுத்தாகிவிட்டது. போர்டின் பிஷப் டி3இல் இருந்தது, ராணி சத்தமில்லாமல் ஈ4க்கு வந்தது. பீப் இல்லையே, அப்படியென்றால் ஆபத்தில்லை என்று மூலையில் ஒரு சிப்பாயைச் சந்தோஷமாக வெட்டினேன். அடுத்து ராணி ஹெச்7, மேட். இப்போது மட்டும் கத்தியது. ஜி6 ஒன்றே ஒன்று தள்ளியிருந்தால் பிழைத்திருப்பேன்.

என்னை விடுங்கள். 2006இல் பான் நகரில், உலக சாம்பியனாக இருந்த கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமோடு ஆடிய இரண்டாம் ஆட்டத்தில் இதே ஈ4–ஹெச்7 கோட்டில்தான் விழுந்தார். எஃப்8இல் காயை வெட்டி உட்கார்ந்த குதிரை ஹெச்7க்குத் துணை நின்றது. செக் இல்லை. அவர் ராணியை ஈ3இல் வைத்தார், அடுத்த நகர்வில் மேட். செக் என்று வாயால் சொல்லியாக வேண்டும் என்று உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதியிலேயே இல்லை. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன அவசரமோ!

சத்தத்தை அணைக்கப் பொத்தான் இல்லையா என்றால், இருக்கிறது. அணைத்தால் அமுக்கு பதிவானதா என்று சொல்லும் சின்ன 'டிக்'கும் சேர்ந்து போய்விடும். பாதி அமுக்கிவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எட்டு வருடமாகப் பொறுத்துக்கொண்டேன்.

ரிப்பேரிலிருந்து வந்ததும் ஆன் செய்தால் சத்தமே இல்லை. எஃப்7ஐச் சரிசெய்தவர்கள் ஸ்பீக்கர் ஒயரைத் திரும்பப் பற்றவைக்க மறந்துவிட்டார்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நேரமில்லை, தள்ளிப்போட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: ஒவ்வொரு தடவையும் "இன்னொரு நகர்வும் இதற்கே கிடைத்தால் என்ன செய்யும்?" என்று நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். கடைசி வரிசையில் யானை இறங்கும் முன்பே ஹெச்6 தள்ளி ராஜாவுக்கு ஜன்னல் திறந்து வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் வாழ்நாளில் முதல் தடவையாக ஆறாவது லெவலை ஜெயித்தேன். விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிப்பது தனிக் கதை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். புது மாடலில் பீப்புக்குப் பதில் மனிதக் குரலில் 'செக்' என்று சொல்கிறதாம், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மதிப்பெண் 5க்கு 2. அதுவும் ஸ்பீக்கர் ஓடாததற்கு. இல்லை, வாங்கித்தான் தீருவேன் என்றால், கடையிலேயே எஃப்7ஐயும் வெள்ளைப் பக்கத்தில் அதற்கு ஈடான எஃப்2ஐயும் நாலு தடவை அமுக்கிப் பாருங்கள்.