பிளாக்கில் பொறித்த எண்ணா, பெட்டியில் வரும் என்ஜினா: ஒரு 1969 கமேரோவின் கணக்கு

செவ்ரோலே கமேரோ, 1969 மாடல், 350 கன இஞ்ச் வி-8. ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டது, அடியிலிருந்து கடகடவென்று சத்தம். ராடு பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்) போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் இப்படி ஒரு வண்டியை வைத்திருப்பவர் முன்னால் இரண்டு வழிகள். இருக்கிற என்ஜினைப் பிரித்து மறுபடி கட்டலாம். இல்லையென்றால் முழுதாகக் கூட்டிப் பெட்டியில் வரும் 'கிரேட் என்ஜின்' ஒன்றை வாங்கி இறக்கலாம். பலரும் விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். அதற்கு முன் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் என்ஜினின் முக்கிய இரும்பு உடலை, துடைத்து அதில் பொறித்த எண்ணைப் படியுங்கள்.

வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) முன்னால் பிளாக்கின் மேல்பரப்பில் சின்னதாக ஒரு சமதளம் இருக்கும். என்ஜினைக் கூட்டிய தொழிற்சாலை, தேதி, வகைக் குறியீடு எல்லாம் அங்கே பொறித்திருக்கும். காரின் வரிசை எண்ணின் பின்பகுதி அங்கேயோ, ஆயில் ஃபில்டர் பக்கமோ இருக்கும். அது காரின் எண்ணோடு பொருந்தினால், அந்த இரும்புக்குத் தனி மதிப்பு. எஸ்எஸ், இசட்/28 என்ற வேக ரக கமேரோக்களில் அது விற்கும் விலையை நன்றாகவே தூக்கும். அலுமினிய 427 கன இஞ்ச் என்ஜின் வைத்து 69 மட்டுமே செய்த இசட்எல்1 என்றால் இந்த அலசலே வேண்டாம், எவ்வளவு செலவானாலும் பழையதைத்தான் காப்பாற்ற வேண்டும். மாறாக, ஆறு சிலிண்டரோடு வந்த காரில் பின்னால் யாரோ மாட்டிய 350 என்றால் காப்பாற்ற அதில் ஒன்றுமில்லை.

எண் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். மறுபடி கட்டுவதில் உள்ள சங்கடம், பிரிக்கும்வரை செலவு தெரியாது என்பதுதான். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) லேசாகக் கீறியிருந்தால் 10 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்டிங் அடித்து, மெலிந்த தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டால் போதும். 30 தௌவைத் தாண்டினால் வேறு கிராங்க் பார்ப்பதே மேல். சிலிண்டர் துளை 4 இஞ்ச். 30 தௌ ரீபோர் அடித்தால், அதாவது துளையை அவ்வளவு பெரிதாக்கினால், 350 என்பது 355 ஆகிவிடும், இது சகஜம். ஏற்கெனவே ஒருமுறை ரீபோர் ஆன பிளாக்கை 60 தௌ வரை கொண்டுபோவதற்கு முன், ஒலி அலையால் சுவரின் கனத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அதற்கு மட்டும் லைனர் (உள்ளே இறக்கும் இரும்புக் குழாய்) போடலாம். வெடிப்பு இருக்கிறதா என்று காந்தச் சோதனை செய்து முடிக்கும்வரை பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது.

பலரும் ஏமாறுகிற இடம் வேறு. ஹெட் உட்காரும் தளத்துக்கு ஃபேசிங் அடிக்கும்போது, அதாவது சீவிச் சமன் செய்யும்போது, அந்த எண்ணும் சேர்ந்து சீவப்பட்டுவிடும்! எண்ணுக்காகவே இவ்வளவு செலவு செய்து, பட்டறையில் அதையே தொலைத்தால் எப்படி இருக்கும்? கத்தி சமதளத்தைத் தொடாமல் நிறுத்த முடியும். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் செய்வார்கள். பிளாக்கை அனுப்பும் முன் எண்ணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரேட் என்ஜினின் பலம் நிச்சயம். விலை முன்பே தெரியும், பெரும்பாலும் உத்தரவாதமும் உண்டு, பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் போட்ட விலையோடு செலவு நிற்காது. பல பெட்டிகளில் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வாட்டர் பம்ப் எதுவும் இருக்காது. 1986க்குப் பிறகான அமைப்பில், பின்பக்க (கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும்) சீல் ஒரே துண்டாக இருக்கும் பிளாக் வந்தால், பழைய ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் மாட்டும் கனத்த சக்கரம்) பொருந்தாது. அதற்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். சில பிளாக்குகளில் பழைய மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் மாட்ட இடமே இருக்காது. குதிரைத்திறன் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 1969இல் 350 என்ஜினுக்குச் சொன்ன 300 குதிரைத்திறன் என்பது காற்று வடிகட்டி, சைலன்சர் எல்லாம் இல்லாமல் அளந்த கணக்கு. கம்பெனிகள் அவற்றோடு சேர்த்து அளக்கத் தொடங்கியது 1972 வாக்கில்தான்.

சரி, 1997இல் கார்வெட்டில் வந்த எல்எஸ் வகை என்ஜினை வைத்தால்? ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் மவுன்ட், ஆயில் பேன், டாங்க், வயரிங் என்று பாதி காரை மாற்ற வேண்டும். இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

என் கணக்கு இதுதான். எண் பொருந்தி, சேதம் பேரிங்கோடு நின்று, காந்தச் சோதனையும் தேறினால் பழையதையே கட்டுங்கள். ராடு முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தால் கிரேட் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்து, கையில் காசும் இப்போது இல்லையென்றால், கிரேட் என்ஜினை வைத்து ஓட்டிக்கொண்டு பழைய பிளாக்கைப் பத்திரப்படுத்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேறொரு பிளாக்கில் தன் எண்ணைப் பொறித்து 'ஒரிஜினல்' என்று விற்பவர்களும் உண்டு. அது ஏமாற்று, வேறு பெயர் இல்லை.

எதைப் போட்டாலும், ரோலர் இல்லாத பழைய வகை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றால் முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாதீர்கள். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலேயே, துத்தநாகம் சேர்ந்த ஆயிலோடு ஓட விடுங்கள். இல்லையென்றால் புது கேம் தேய்ந்து, மறுபடி பிரிக்க வேண்டி வரும்.

ஒதுக்கி வைக்கும் பிளாக்கின் துளைகளில் கெட்டியாக ஆயில் பூசி, பிளாஸ்டிக் பையில் கட்டி, தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். காரின் எண்ணை எழுதிய அட்டை ஒன்றையும் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் யாராவது அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது.