பென் ரீல் கிரீஸும் ரீல் ஆயிலும்: உப்புத் தண்ணீரில் தூண்டில் போடுகிறவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வாங்கின கையோடு ட்யூபைப் பிதுக்கி ரீலுக்குள் நிரப்பிவிடாதீர்கள், எது எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு திறங்கள். பென் என்பது தூண்டில் ரீல், அதாவது நரம்பைச் சுற்றி இழுக்கும் கருவி, செய்கிற கம்பெனி. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பாறையிலும் கரையிலும் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குளத்தில் விரால் பிடிக்கிறவர்களுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை.

நம்ம கடல் ரீலைச் சும்மா விடாது. ரீல் தண்ணீரில் விழக்கூட வேண்டாம், கச்சான் காற்று அடிக்கும்போது முட்டம் பாறையில் ஒரு சாயங்காலம் நின்றாலே கைப்பிடி முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) சுற்றியிருந்தால் இன்னும் மோசம், தங்கூசியைவிட அது அதிகத் தண்ணீரைச் சுமந்துவந்து ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) சேர்க்கும். உள்ளே போன உப்பு காய்ந்த பிறகும் அடங்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் திரும்பத் திரும்ப நனைந்து உலோகத்தை அரிக்கும், அதனால்தான் கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடியில் வீட்டு மூலையில் சாத்தி வைத்த ரீல் ஆவணியில் எடுக்கும்போது கரகரக்கிறது. ஆகவே இங்கே கிரீஸ் செய்ய வேண்டிய முதல் வேலை கியரை வழுவழுவென்று சுற்ற வைப்பது இல்லை, உலோகத்தில் தண்ணீர் படாமல் காப்பது.

அந்த வேலையை பென்னின் நீல கிரீஸ் நன்றாகவே செய்கிறது. என்னுடையது பென் பேட்டில் என்கிற ரீல், முழு உலோக உடம்பு. மெயின் கியர் பற்களிலும் பினியனிலும் (அதோடு சேர்ந்து சுற்றும் சின்ன கியர்) பழைய டூத் பிரஷால் மெலிதாகத் தடவினேன், மூடி திருகுகளின் மரையிலும் துளி வைத்தேன். சீசன் முடிந்து திறந்தபோது நிறம் மங்கியிருந்ததே தவிர கிரீஸ் பற்களை விட்டு விலகவில்லை, தண்ணீர் கலந்து வெளுக்கவும் இல்லை. திருகுகள் பிடிக்காமல் கழன்று வந்தன, உப்பில் இறுகிப்போன திருகோடு போராடினவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்குப் பதிலாக வேறு என்ன போடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வள்ளத்து எஞ்சினுக்குப் போடும் மரைன் கிரீஸ் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும், பெரிய 8000 சைஸ் ரீலுக்குத் தாராளமாகப் போடலாம், ஆனால் சின்ன 2500, 3000 சைஸ் ரீலில் போட்டால் கைப்பிடி கனக்கும். தையல் மெஷின் எண்ணெய் பேரிங்குக்கு அவசரத்துக்கு ஆகும், உப்பிலிருந்து காக்காது. ‘மக்கா, ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் விட்டா போதும்’ என்று சொல்லாத ஆளே நம்ம ஊரில் கிடையாது, தயவுசெய்து விடாதீர்கள், நாளாக நாளாக அது சிக்குப் பிடித்து மணலை இழுத்து வைத்துக்கொள்ளும். டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஈரத்தை விரட்டவும் இறுகினதை இளக்கவும் நல்ல சாமான், ஆனால் இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். அதை மட்டும் அடித்துவிட்டு ரீலை சர்வீஸ் பண்ணியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பென் எண்ணெய்க் குப்பி சின்னதுதான், ஆனால் ஒரு ரீலுக்குத் தேவைப்படுவது சில சொட்டுகள் மட்டுமே என்பதால் வெகுகாலம் வரும். முதல் சொட்டு லைன் ரோலருக்கு. நரம்பு உரசி ஓடுகிற இடம் அது, தண்ணீரும் முதலில் அங்கேதான் போகிறது. அது சுற்றாமல் நின்றுவிட்டால் நரம்பு முறுக்கேறும், ரோலரிலும் கோடு விழும், அப்புறம் பாரை ஒன்று இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே பிரெய்டு அறுந்து போகும். அப்புறம் கைப்பிடிக் குமிழ், பெயில் (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைகம்பி) திரும்பும் மூட்டு, பேரிங்குகள். பேரிங்கில் பழைய எண்ணெயும் உப்பும் இருந்தால் மேலே புது எண்ணெய் விட்டுப் பயனில்லை, கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி (அடுப்புப் பக்கம் வேண்டாம்), நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சொட்டு விடுங்கள். அலசின பிறகும் கரகரவென்றால் தூக்கிப் போட்டுவிட்டு உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் அளந்து அதே அளவில் துருப்பிடிக்காத ஸ்டீல் பேரிங் வாங்கிப் போடுங்கள்.

கிரீஸ் படவே கூடாத இடம் ஆன்டி ரிவர்ஸ் கிளட்ச். அதற்குள் இருக்கும் சிறு உருளைகள் சரிந்து இறுகிப் பிடிப்பதால்தான் கைப்பிடி பின்னால் சுற்றாமல் நிற்கிறது, கெட்டி கிரீஸ் போனால் அந்த உருளைகள் வழுக்கும். நாகர்கோவிலில் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்த ரீலை உள்ளே முழுக்க கிரீஸ் அப்பித் திருப்பித் தந்தார்கள், கொடுவா கடித்து வெட்டி இழுத்தபோது கைப்பிடி பின்னால் சுற்றி விரலில் அடித்தது, மீனும் போச்சு. அன்றைக்குப் பிறகு ரீலை நானேதான் திறக்கிறேன். கிளட்சைக் கழுவிக் காயவைத்து, மெல்லிய எண்ணெயை விரல் நுனியில் தொட்டு உருளைகளில் தடவினால் போதும்.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக், அதன் வாஷருக்கு பென் கிரீஸ், எண்ணெய் இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டிலில் இருப்பது பென்னின் எச்டி-100 (HT-100) கார்பன் வாஷர், அதற்கு கால்ஸ் மாதிரி டிராக்குக்கென்றே வருகிற கிரீஸை மெலிதாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்டால் டிராக் விட்டுவிட்டு இழுக்கும், பெரிய மீன் ஓடும்போது அந்த ஒரு குலுக்கலில் நரம்பு போய்விடும்.

திறக்கும் முறையில் சில விஷயங்கள். ஒவ்வொரு பாகமும் கழலும்போது போனில் படம் எடுங்கள், முக்கியமாக மெல்லிய ஷிம் வாஷர் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) எந்தப் பக்கம் இருந்தது என்று. ஒரு ஷிம் இடம் மாறினால் எந்த கிரீஸாலும் கியர் சத்தத்தை நிறுத்த முடியாது. ஸ்பிரிங் உள்ள பாகத்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள், தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை வழுகிவிடும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினால் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே புதிதாகத் தடவுங்கள். ஸ்பின்ஃபிஷர், ஸ்லாமர் மாதிரி ரப்பர் சீல் வைத்து அடைத்த ரீல் வைத்திருப்பவர்கள் சும்மா சும்மா திறக்க வேண்டாம், சீல் இடம் பெயர்ந்தால் தண்ணீர் உள்ளே போவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கரையிலிருந்து வந்தவுடன் கழுவுவதை எந்த கிரீஸும் ஈடு செய்யாது. டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள், ஹோஸ் பைப்பில் அழுத்தி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்த பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். ஸ்பூலைத் தனியாகக் கழற்றி பிரெய்டோடு கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போடலாம், டிராக் வாஷரை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.

காசு குறைவாக இருந்தால் எண்ணெயை முதலில் வாங்குங்கள், கிரீஸ் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். டிராக் கிரீஸ் நான் கேட்ட உள்ளூர்க் கடைகளில் இல்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எந்தக் கடையிலாவது சின்ன டப்பாவில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.