28,500 ரூபாய் போச்சு: எஸ்இஓ ஆய்வு என்று வருபவர்களிடம் உஷார்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்குத்தான் எஸ்இஓ என்று பெயர். அதற்காக எங்கள் கருப்பட்டிக் கடையின் இணையதளத்துக்குப் போட்டியாளர் ஆய்வு செய்து தருகிறேன் என்று ஒருவர் 28,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அறிக்கை என்ற பெயரில் குப்பையை அனுப்பியிருக்கிறார். ஃப்ரீலான்சர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளத்தில் கிடைத்த ஆள். புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரையோ அவர் பெயரையோ போடவில்லை.

நம்பிக்கை வந்த இடத்தை விவரமாகச் சொல்கிறேன், அடுத்தவரையும் அங்கேதான் பிடிப்பார்கள். வீடியோ காலில் தன் திரையைக் காட்டி, கூகுளில் சைட் (site) என்று அடித்து, கோலன் (:) வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் தள முகவரியைப் போட்டார். அந்த ஒரு தளத்தின் பக்கங்களை மட்டும் தேடும் முறை அது. சுமார் 40 முடிவுகள் என்று வந்தது. அதையே உடன்குடிக் கருப்பட்டி விற்கும் இன்னொரு தளத்துக்குப் போட்டார், ஆயிரத்துக்கு மேல் காட்டியது. "பாத்தீங்களா சார், கூகுள் கண்ணுல உங்க கடையே படல" என்றார். அப்புறம் ஆல்இன்டைட்டில் (allintitle) போட்டு, நாம் கொடுக்கும் எல்லாச் சொற்களும் தலைப்பில் உள்ள பக்கங்களை மட்டும் எடுத்து, இந்தச் சொல்லுக்குப் போட்டி குறைவு, இதைப் பிடித்தால் முதல் பக்கம் உறுதி என்றார். கண்ணெதிரே கூகுளே எண்ணைக் காட்டும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? பதநீர் சீசன் தொடங்குவதற்குள் தளம் மேலே வரவேண்டும் என்று நாங்களும் அவசரத்தில் இருந்தோம். பணத்தைக் கட்டினோம்.

அந்த எண் வெறும் உத்தேசக் கணக்காம். சைட் தேடல் எல்லாப் பக்கங்களையும் காட்டாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நம் பக்கங்கள் எத்தனை கூகுளில் ஏறியிருக்கின்றன என்று பார்க்க சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவி இலவசமாக இருக்கிறது. இதே தொழிலில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

அறிக்கை வந்தது, பெரிய பிடிஎஃப். ஒவ்வொரு போட்டித் தளத்துக்கும் எத்தனை பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்பு, என்று ஒரு பட்டியல். சைட் மாதிரியே லிங்க் என்று போட்டுத் தேடும் லிங்க் ஆபரேட்டர் மூலம் எடுத்தது என்று கீழே குறிப்பு. பக்கத்தில் கேஷ் தேதி, அதாவது கூகுள் பக்கத்தை நகலெடுத்து வைத்த தேதி, என்று இன்னொரு பட்டியல், எல்லாம் போன மாதத் தேதிகள். சென்னையில் வெப் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள். "அண்ணா, லிங்க் ஆபரேட்டர் இனி வேலை செய்யாதுன்னு கூகுள் 2017-லயே சொல்லியாச்சு. கேஷையும் 2024-ல எடுத்துட்டாங்க. இந்தத் தேதியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" எங்கிருந்து வந்திருக்கும், உட்கார்ந்து அடித்ததுதான். சில ஸ்கிரீன்ஷாட்டுகளில் கோலனுக்கு அப்புறம் இடைவெளி வேறு விட்டிருந்தார், அப்படிப் போட்டால் அது சாதாரணத் தேடலாகிவிடும் என்றாள்.

போனில் பேசிக்கொண்டே அவள் செய்ததைக் கேளுங்கள். சைட் போட்டு எங்கள் முகவரி, கூடவே கோப்பு வகையைச் சொல்லும் ஃபைல்டைப் (filetype) போட்டு பிடிஎஃப் என்று தேடினாள், 2021 விலைப்பட்டியல் இன்னும் கூகுளில் கிடக்கிறது, பழைய விலையைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. மூன்று டபிள்யூ உள்ள முகவரிகளை மைனஸ் போட்டுக் கழித்தாள், தளம் கட்டியவர் சோதனைக்கு வைத்திருந்த நகல் தளம் அப்படியே ஏறியிருக்கிறது. எங்கள் சுக்குக் கருப்பட்டி விவரத்தில் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, எங்கள் தளத்தை மட்டும் மைனஸ் சைட் போட்டு நீக்கினாள், எழுத்து மாறாமல் காப்பியடித்த இரண்டு கடைகள் வந்து நின்றன. இதற்குப் பெயர்தான் ஆய்வு. 28,500 ரூபாய் வாங்கியவர் இதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கேட்டதற்கு முதலில் "அல்காரிதம் அப்டேட் சார், எண் மாறும்" என்றார். எண் மாறுவது இருக்கட்டும், இல்லாத ஆபரேட்டரில் எண் எப்படி வந்தது என்று கேட்டேன். டீமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், பிறகு பதிலே இல்லை. ஆளைப் பிடித்துக் கொடுத்த ஃப்ரீலான்சர் தளத்தில் புகார் கொடுத்தால், கோப்பு ஒப்படைக்கப்பட்டதால் பணம் விடுவிக்கப்பட்டுவிட்டது, வேலையின் தரம் குறித்து நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். 28,500 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, பனையேறிகளுக்குக் கொடுக்க வைத்திருந்த முன்பணத்திலிருந்து எடுத்தது.

எப்படித் தேடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சைட் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினால் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு தேடலையும் உங்கள் கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். லிங்க், கேஷ் என்று எங்கே கண்டாலும் பணத்தை நிறுத்துங்கள். முதலிடம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது, கூகுளே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு 1915, இணையப் பண மோசடிக்கு 1930. நான் 1915-ல் பதிந்துவிட்டேன். இதே மாதிரி கேஷ் தேதி போட்ட அறிக்கை வேறு யாருக்காவது வந்திருந்தால் பிடிஎஃபை அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.