பாலைவன வெயிலுக்கு முழுக்கைச் சட்டை: டேக் எண் சொல்லாத விஷயங்கள்

ஓமன், அமீரகப் பக்கம் மணல்மேட்டு நடைக்கும் மலையேற்றத்துக்கும் சட்டை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது, துணி வெயிலின் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று டேக்கில் சொல்லும் யூபிஎஃப் எண்ணைத்தான். யூபிஎஃப் 50 என்றால் துணிமேல் விழும் புற ஊதாக் கதிரில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே போகும். 30 என்றால் 3.3 சதவீதம். நடைமுறையில் இது பெரிய வித்தியாசமே இல்லை. சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட் 5 முதல் 7 வரைதான் தேறும், வியர்வையில் நனைந்தால் இன்னும் இறங்கும்.

அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலிய முறையில் புதுத் துணியை, உலர்ந்த நிலையில், இழுக்காமல் அளக்கிறார்கள். அமெரிக்க முறையில் 40 சலவைக்குப் பிறகான நிலையையும் கணக்கில் எடுக்கிறார்கள். இரண்டிலுமே தோளில் பை அழுத்துவதும், முழங்கையில் துணி விரிவதும் கணக்கில் வராது. உடம்போடு ஒட்டும், ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த சட்டைகள் சறுக்குவது இங்கேதான். நெசவு விரிந்தால் இழைகளுக்கு நடுவே வெயில் நேராக இறங்கிவிடும். வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

துணியில் பாலியஸ்டருக்கு இயல்பிலேயே கதிரை உறிஞ்சும் குணம் உண்டு. நைலான் தொட்டால் இதமாக இருக்கும், ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற சேர்ப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பு குறைவு. 130 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடை போதும். 110-க்குக் கீழே போனால் காற்றோட்டம் பிரமாதம், பாதுகாப்பு சந்தேகம். துபாய், மஸ்கட் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது என்பதால் முதுகில் திறப்புள்ள பாலியஸ்டர் சட்டைதான் தோது. லிவா, வஹீபா போன்ற உள்நாட்டுப் பாலைவனங்களின் வறண்ட காற்றில் நிதானமாக நடக்கிறவர்களுக்கு நெருக்கமாக நெய்த தளர்வான பருத்திச் சட்டையும் மோசமில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிர்ச்சி தரும். புதுப் பருத்தி முதல் சலவைகளில் சுருங்கி நெசவு இறுகுவதால் பாதுகாப்பும் கொஞ்சம் கூடும்.

நிறத்தில் பலருக்கும் குழப்பம். ஒரே துணியில் அடர்நிறம்தான் கதிரை அதிகம் தடுக்கும். பாலைவன நாடோடிகளான பதூயின் மக்களின் கறுப்பு அங்கி பற்றி 1980-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கறுப்பு கூடுதலாக வாங்கும் சூடு தளர்வான அங்கிக்குள் தோலை எட்டும் முன்பே போய்விடுகிறது என்று காட்டியது. இறுக்கமான கறுப்புச் சட்டைக்கு இந்த நியாயம் பொருந்தாது. காக்கி, சாம்பல் கலந்த நீலம் நடுவாந்திரம். கருநீலத்தில் வியர்வையின் உப்புக் கோடு பளிச்சென்று தெரியும்.

காலரைத் தூக்கிவிட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அடிப்பதால் தொப்பி போட்டும் தாடைக்குக் கீழே கருகும். ஓமனின் ஜெபல் ஷம்ஸ் மலை போல 3000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் குளிர்ச்சியை நம்பிக் கையை மடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. பாக்கெட்டில் ஜிப்பைவிட பட்டன் நல்லது, நுண்மணல் புகுந்தால் ஜிப் பல் சிக்கிக்கொள்ளும்.

முதலில் தேய்வது பைப்பட்டை உரசும் தோள்பட்டை. சட்டையை டியூப் லைட் முன்னால் விரித்துப் பிடியுங்கள். நெஞ்சுப்பகுதியைவிடத் தோளில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவினால் அதை வீட்டு உடுப்பாக்கிவிடலாம். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், இழைமேல் படிந்து வியர்வை உறிஞ்சுவதைக் கெடுக்கும். காலரில் மஞ்சள் கறை வந்தால் அது பெரும்பாலும் சன்ஸ்கிரீனில் உள்ள அவோபென்சோன் தண்ணீரின் இரும்போடு சேர்ந்தது. குளோரின் பிளீச் அதை மேலும் மோசமாக்கும். எலுமிச்சைச் சாறு தடவி ஊறவைத்து அலசுங்கள்.