ஈஎம்ஜி 81 என்று சொல்லிப் போலி பிக்அப்: மட்டக்களப்பில் கிற்றார் திருத்தக் கொடுப்பவர்களின் கவனத்துக்கு

மட்டக்களப்பு நகரில் உள்ள கிற்றார் திருத்தும் வேலைத்தளம் ஒன்றில், ஈஎம்ஜி 81 என்று சொல்லிப் போலி பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) ஒன்றை எனது கிற்றாரில் பொருத்தி, அதற்கு 45,000 ரூபாவும் கூலியாக மேலும் 8,000 ரூபாவும் வாங்கியிருக்கிறார்கள். கல்லடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் மெட்டல் என்ற கடுமையான றொக் இசையை வாசிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் பலர் அதே இடத்துக்குத்தான் போகிறார்கள். ஆகவே நடந்ததையும், இந்த ஏமாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் விபரமாக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் வேலைத்தளத்தின் பெயரை இங்கே தரவில்லை.

நான் கேட்டது தெளிவானது. 1990களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்த அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் டிரங்குவிலிட்டி போன்ற குழுக்களின் வழியில் வரும் மெலோடிக் டெத் மெட்டலை எங்கள் குழு வாசிக்கிறது. இந்த இசையில் டிஸ்டோர்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) எவ்வளவு கடுமையாக இருந்தாலும் றிதம் கிற்றாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கை நின்ற கணத்தில் ஒலியும் நிற்க வேண்டும். அதற்காக, சி சுருதிக்கு இறக்கி வாசிக்க ஏற்றவாறு 12 முதல் 60 வரையான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) தடித்த கம்பிகளைப் போட்டு, கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களை அதற்கேற்ப அராவி, கழுத்தின் வளைவையும் இன்டொனேஷனையும் (கழுத்து முழுவதும் சுருதி சரியாக இருப்பதையும்) சரிசெய்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் ஈஎம்ஜி 81 பொருத்தித் தரும்படி கேட்டேன். எல்லாம் செய்து முடித்ததாகச் சொல்லித்தான் பணத்தை வாங்கினார்கள்.

முதல் பயிற்சியிலேயே தொனி சேறாகக் கலங்கியது. உள்ளங்கையால் கம்பிகளை அடக்கி வேகமாக வாசித்தபோது சுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்தன. அம்ப்ளிபயரிலிருந்து ஓயாத இரைச்சல் வந்தது. கம்பியைத் தொட்டால் குறைந்தது. கையை எடுத்தால் திரும்பவும் எழுந்தது. ஈஎம்ஜி 81, பற்றரியால் இயங்கும் முன்பெருக்கியை (சிறு சைகையைப் பெருக்கும் சுற்றை) உள்ளேயே கொண்ட பிக்அப் ஆகும். அதைப் பொருத்தும்போது கம்பிகளைப் புவித்தொடுப்புச் செய்யத் தேவையில்லை. பிரிட்ஜுக்குப் போகும் புவித்தொடுப்பு வயரை நீக்கிவிடும்படிதான் தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார். ஆகவே கம்பியைத் தொட்டதும் இரைச்சல் மாறியதே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. வேலைத்தளத்தில் கேட்டபோது வீட்டுக் கரண்டில்தான் குறை என்றார்கள்.

பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே 9 வோல்ற் பற்றரி இருந்தது. ஆனால் அதன் சிவப்பு வயர் எதனோடும் இணைக்கப்படவில்லை. நுனியில் ரேப் சுற்றி மரத்தோடு ஒட்டியிருந்தார்கள். பற்றரியை முழுவதுமாக எடுத்த பின்னரும் கிற்றார் அதே சத்தத்தில் ஒலித்தது. உண்மையான 81 பற்றரி இல்லாமல் ஒலிக்கவே மாட்டாது. அதோடு வர வேண்டிய வொலியூம் பொட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடை) 25 கிலோ ஓம். என்னுடையதில் பழைய 500 கிலோ ஓம் பொட் அப்படியே இருந்தது. தவறுதலாக நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. இணைக்காத பற்றரியை ஒருவர் உள்ளே வைப்பது, திறந்து பார்ப்பவரை நம்பவைப்பதற்காகவே.

கம்பிகளிலும் இதே கதைதான். பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் நுண்மானித் திருகுக் கணிச்சியை வாங்கி ஆறாவது கம்பியை அளந்தோம். 60 என்றால் 1.52 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், இருந்ததோ 1.17, அதாவது சாதாரண 46. உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்களுக்கு இதன் விளைவு உடனே விளங்கும். ஈ சுருதியிலிருந்து சி சுருதிக்கு இறக்கும்போது மீடிறன் 82.4 ஹேர்ட்ஸிலிருந்து 65.4 ஹேர்ட்ஸுக்குக் குறைகிறது. அதே கம்பியின் இழுவை மீடிறனின் வர்க்கத்தோடு மாறுவதால், ஏறத்தாழ 37 சதவீதம் இல்லாமல் போகிறது. தளர்ந்த கம்பியைப் பலமாக அடித்தால் சுருதி முதலில் மேலே துள்ளிப் பிறகுதான் தன் இடத்துக்கு வரும். எந்த பெடலாலும் இதைத் திருத்த முடியாது.

திரும்பவும் போய்க் கேட்டபோது வேலைத்தளத்தில் இருந்தவர், “கெயின் காணாது தம்பி, இன்னும் கூட்டுங்க, இல்லாட்டி பெரிய டிஸ்டோர்ஷன் பெடல் ஒன்று தாறன்” என்று சொல்லி இன்னொரு பெட்டியை விற்கப் பார்த்தார். புதிதாக வாசிப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த ஆலோசனையால்தான் என்று நான் நினைக்கிறேன். கெயின் (டிஸ்டோர்ஷனின் அளவு) கூடக்கூட ஒலி நசுங்கித் தட்டையாகிறது, இரைச்சல் பெருகுகிறது, அடக்கி வாசிக்கும் சுரங்களுக்கு இடையிலான வெற்றிடம் நிரம்பிவிடுகிறது. இறுக்கமான தொனிக்கு வழி இதற்கு எதிரானது. டிஸ்டோர்ஷனுக்குள் நுழையும் முன்பே அடிநாதத்தை (தாழ்ந்த மீடிறன் ஒலியை) குறைக்க வேண்டும். அதற்காகத்தான் பலர் பீவி 5150 போன்ற அம்ப்ளிபயருக்கு முன்னால் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, அதன் டிரைவை (டிஸ்டோர்ஷன் அளவை) பூச்சியத்துக்கு அருகிலும் லெவலை (வெளிவரும் சத்தத்தை) உச்சத்திலும் விடுகிறார்கள். அது ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைப் படிப்படியாகத் தணித்து, நடுப்பகுதியை முன்னுக்குக் கொண்டுவருகிறது. குறையும் அடிநாதத்தை பேஸ் கிற்றார் நிரப்பும். ஒலிப்பதிவில் ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடமும் வலமுமாகப் பிரிக்கும்போதும், கெயினைக் குறைத்து வாசித்ததுதான் தெளிவாக நிற்கும்.

கிற்றாரை வேலைக்குக் கொடுத்தவர்கள் பணம் கொடுக்கும் முன்னர், வேலைத்தளத்தார் கண்முன்னாலேயே பற்றரியைக் கழற்றி வாசித்துப் பாருங்கள். ஈஎம்ஜி நிறுவனமே எச்இசட் என்ற பெயரில் பற்றரி தேவைப்படாத பிக்அப்களையும் விற்கிறது; வெளித்தோற்றத்தில் அவையும் 81 போலவே இருப்பதால், மூடியில் உள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். திறந்த கம்பியின் சுருதியையும் பன்னிரண்டாம் கட்டைச் சுருதியையும் ரியூனரில் ஒப்பிட்டால், இன்டொனேஷன் பார்த்தார்களா என்பது தெரிந்துவிடும். பற்றுச்சீட்டில் பிக்அப்பின் முழுப் பெயரையும் கம்பியின் தடிப்பையும் எழுதி வாங்குங்கள். என் பற்றுச்சீட்டில் “ஈஎம்ஜி 81” என்று எழுதியிருந்ததால்தான் எனது முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்யலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977.

பணம் இதுவரை திரும்பக் கிடைக்கவில்லை. கிற்றாரோடு வந்த பழைய பிக்அப்பையும் “தொலைந்துபோயிற்று” என்கிறார்கள். அது கறுப்பு நிற ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்). அடித்தகட்டில் திருகாணித் துளையின் அருகே சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். யாராவது அதை உங்களிடம் விற்க வந்தால் தயவுசெய்து எனக்கு அறியத் தாருங்கள்.