ஒன்பது சீசன், ஒரே ஸ்கீ பை: எது உழைத்தது, எது படுத்தியது

ஒன்பது குளிர்காலமாக ஒரே ஸ்கீ பையை (பனிச்சறுக்கில் காலில் மாட்டும் நீளப் பலகைகளுக்கான பை) விமான நிலையங்களில் இழுத்துக்கொண்டு திரிகிறேன். போக, வர, நடுவில் மாறிய விமானங்கள் எல்லாவற்றையும் எண்ணினால் ஐம்பது முறைக்கு மேல் பறந்திருக்கும். வாங்கும்போது கருநீலம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் எனக்கே சந்தேகம். பனிச்சறுக்குக்குக் கிளம்பும் நண்பர்கள் "ஸ்கீயைக் கொண்டுபோகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆளுக்கு ஒரு முறை கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பை துணிப் பை. இரண்டு ஜோடி ஸ்கீ கொள்ளும். ஒரு முனையில் இரண்டு சக்கரம், முழு நீளத்துக்கு ஸிப். இதற்கு முன் சக்கரமில்லாத, தோளில் மாட்டும் பை ஒன்று இருந்தது. அதோடு ஒரே ஒரு பயணம், அத்தோடு சரி. 12 கிலோ பெரிய எடை இல்லை. ஆனால் என் உயரத்துக்கு மேல் நீளமான ஒன்று தோளில் குறுக்கே தொங்கும்போது, நான் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் வால் பின்னால் நிற்பவரின் முகத்தைத் தேடிப் போகும். கடினமான பிளாஸ்டிக் பெட்டியையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருப்பதற்கு அதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் பெட்டியே எடையில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது, போய் இறங்கியதும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளவும் முடியாது.

எடைக் கணக்கு இப்படி. பெரும்பாலான சாதாரண டிக்கெட்டுகளில் ஓர் உருப்படிக்கு 23 கிலோ. பைண்டிங்கோடு (காலணியை ஸ்கீயில் பிடித்துவைக்கும் பகுதி) என் ஸ்கீ 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பை மூன்றரை. ஸ்கீக்கான காலணியான பூட்டையும் உள்ளே வைப்பவர்களுக்கு அது ஒரு 4 (நான் வைப்பதில்லை, காரணம் பின்னால்). ஹெல்மெட், ஊன்றுகோல், ஜாக்கெட் எல்லாம் போட்டாலும் தாராளமாக இடம் இருக்கும். இரண்டாவது ஜோடியை வைத்தால்தான் தராசில் முள் எங்கே நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் பல இடங்களில் ஒரே உருப்படியாக எடுக்க மாட்டார்கள். தூக்கி ஏற்றுகிறவர்களின் முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது. அதில் எனக்குக் குறை இல்லை.

நீளத்தைப் பற்றித்தான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஸ்கீ தனியாகவே அதைத் தாண்டிவிடும். ஆனால் பல நிறுவனங்கள் ஸ்கீக்கு இந்த அளவைத் தளர்த்திவிடுகின்றன. ஒரு ஸ்கீ பை, ஒரு பூட் பை இரண்டையும் சேர்த்து ஒரே உருப்படியாகக் கணக்கு வைக்கும் நிறுவனங்களும் நிறைய உண்டு. மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் விளையாட்டுச் சாமானுக்கென்று தனிக் கட்டணம். அதை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. இடையில் நிறுவனம் மாறினால் இருவர் விதியையும் படித்துவிடுங்கள். நான் விதி இருக்கும் பக்கத்தை அச்செடுத்தே கொண்டுபோவேன். கவுன்ட்டரில் இருப்பவருக்கு எல்லா விதியும் மனப்பாடமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு விதியை அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சலுகை ஸ்கீ சாமானுக்கு மட்டும்தான் என்று சில நிறுவனங்கள் கறாராக இருக்கும். மூன்றாம் வருடம் பையின் காலி இடம் முழுக்க ஸ்வெட்டரும் உள்ளாடையுமாகத் திணித்து வைத்திருந்தேன். கவுன்ட்டரில் ஸிப்பைத் திறக்கச் சொன்னார்கள். பின்னால் நீண்ட வரிசை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

இப்போது அடுக்கும் முறைக்கு வருகிறேன். இரண்டு ஸ்கீயின் அடிப்பாகமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, பிரேக்குகளை (கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் தடுக்கும், பைண்டிங்கில் உள்ள கம்பிகள்) கோத்துவிட்டு, நுனியிலும் வாலிலும் ரப்பர் பட்டை போட்டு இறுக்க வேண்டும். பட்டை இல்லாமல் வைத்தால் வழியெல்லாம் எஃகு விளிம்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும். வால் பகுதி சக்கரம் இருக்கும் முனைக்குப் போகட்டும். பையை நிமிர்த்தி நிறுத்தும்போது மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது. என் பையில் முதலில் கிழிந்த இடமும் அதுதான்: உள்ளிருந்து வாலின் கூர் துணியைக் குத்தி, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தடித்த துணி வைத்துத் தைத்தேன். அதற்குப் பிறகு பழைய துண்டு ஒன்றை நான்காக மடித்து வாலில் சுற்றித்தான் வைக்கிறேன். ஊன்றுகோல்களை பைண்டிங்குக்கு இருபுறமும் வைத்தால் அவை ஆடாது. கோல்களைக் கையில் கொண்டுபோக நினைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிடுவார்கள்.

ஈரம்தான் பெரிய எதிரி. ஒருமுறை கடைசி நாள் மாலைவரை சறுக்கிவிட்டு, பனியைத் தட்டிவிட்டதோடு திருப்திப்பட்டு அப்படியே பையில் போட்டு மூடிவிட்டேன். விமானம் தாமதம், வீட்டுக்கு வந்த அலுப்பு. மூன்று நாள் கழித்துத் திறந்தால் விளிம்பு முழுக்க ஆரஞ்சு நிறத் துரு. மேலோட்டமான துருதான், தேய்த்தால் போய்விட்டது. அன்றிலிருந்து துடைத்து, இரவு முழுக்க அறையில் நிறுத்திக் காயவைத்த பிறகுதான் பைக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஸிப்பைத் திறந்து வைப்பது.

பூட் மட்டும் ஒருபோதும் செக்-இன் பையில் போகாது. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. ஸ்கீயை எங்கே வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். சில சமயம் நம்முடையதைவிட நல்லதாகவே கிடைக்கும். பூட் அப்படியல்ல. அதன் உள்ளுறை சூடாக்கி நம் காலின் வடிவத்துக்குப் படியவைத்தது. ஒரு பயணத்தில் கடைசிக் கட்டத்துக்குச் சின்ன ப்ரொப்பெல்லர் விமானம். அதன் சரக்கு அறையில் இடம் இல்லாமல் ஸ்கீ பைகள் பின்தங்கிவிட்டன. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தன. பூட் என் கையில் இருந்ததால் மறுநாள் காலையே ஒரு ஜோடி ஸ்கீயை வாடகைக்கு எடுத்து மலையேறிவிட்டேன். கூட வந்தவரின் பூட் அந்தப் பைக்குள் மாட்டிக்கொண்டது. இரவல் பூட்டில் இரண்டு நாள் சறுக்கி, கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய்த் திரும்பினார். கேபினில் 7, 8 கிலோ மட்டும் அனுமதிக்கும் விமானங்களில் பூட் பாதி எடையை விழுங்கும் என்பது உண்மைதான். மற்றதைக் குறைத்துக்கொள்கிறேன். (பூட்டை மாட்டிக்கொண்டே விமானம் ஏறிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பரிந்துரைக்க மாட்டேன்.)

சூடேற்றும் காலுறை வைத்திருப்பவர்கள் அதன் உதிரி லித்தியம் பேட்டரியைக் கேபின் பையில்தான் வைக்க வேண்டும். பனிச்சரிவில் காப்பாற்றும் காற்றுப்பை முதுகுப்பை இருந்தால், அதன் வாயு சிலிண்டருக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்னதாகவே வாங்க வேண்டும். கவுன்ட்டரில் போய் ஆரம்பிக்கும் பேச்சு அல்ல அது.

விமான நிலையத்தில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கவுன்ட்டரில் டேக் ஒட்டிய பிறகு, பெரிய சாமான்களுக்கான தனி இடத்துக்கு நாமே இழுத்துப் போக வேண்டியிருக்கும். இறங்கிய பிறகும் சுற்றும் பெல்ட்டில் வரும் என்று நிற்காதீர்கள். முதல் பயணத்தில் பெல்ட் நின்று விளக்கு அணையும்வரை நின்றிருக்கிறேன். பை அதுவரை ஒரு மூலையில் ஷட்டர் கதவோரம் தனியாகக் கிடந்தது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று. ஆறாம் வருடம் வீடு திரும்பி, சோம்பலில் பையை ஒன்பது நாள் திறக்கவில்லை. திறந்தபோது ஒரு ஸ்கீயின் வால் அடுக்கடுக்காகப் பிளந்திருந்தது. சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதம் என்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத்தான் 21 நாள். இரண்டு நாளில் தவறவிட்டேன். எபாக்சிப் பசை போட்டு, கிளாம்ப் வைத்து ஒட்டினேன். இன்னும் ஓடுகிறது, ஆனால் அதன் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. இப்போதெல்லாம் அந்த ஷட்டர் கதவோரமே தரையில் பையைக் கிடத்தித் திறந்து, வாலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பை வரவே இல்லை என்றாலும் அங்கேயே புகார் எழுதி, எண்ணைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நான்கு நாளுக்குக் குறைவான பயணத்துக்கு இப்போது ஸ்கீயை எடுப்பதில்லை. பூட் மட்டும் போதும். ஒரு வாரம் என்றால் பை வரும். போன வருடம் இடது சக்கரம் தேய்ந்து மாற்றினேன். ஸிப்பின் இழுப்பான் உடைந்த இடத்தில் பழைய சாவி வளையம் ஒன்று தொங்குகிறது. கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க அது பழையதைவிட வசதியாகத்தான் இருக்கிறது.