ரெஃபரன்ஸ் சரிசெய்து தருகிறோம் என்பவர்களிடம் கட்டுரையைக் கொடுக்கும் முன்

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களும், பதவி உயர்வுக்காகக் கட்டுரை எழுதும் உதவிப் பேராசிரியர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே விளம்பரத்தோடு பல பேர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறார்கள். ஆளைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எங்கள் கட்டுரை பாம்புக்கடி பற்றியது. ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு இதழ் கேட்டது வான்கூவர் முறை. 1978ல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடியதிலிருந்து வந்த முறை அது. மேற்கோள்கள் உரையில் வரும் வரிசைப்படியே எண் பெறும். கேட்க எளிதாக இருந்தாலும் இதழுக்கு இதழ் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஒரு இதழ் ஆறு ஆசிரியர்களைப் போட்டுவிட்டு எட் அல் (மற்றும் பிறர்) என்கிறது. இன்னொன்று, ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் மூவரை மட்டும் போடச் சொல்கிறது. வார்டு வேலைக்கு நடுவில் இதற்கு உட்கார நேரமில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவர் இந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். 4,500 ரூபாய், 48 மணி நேரம், 'நூறு சதவீதம் இதழின் விதிப்படி' என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே.

சொன்ன நேரத்தில் கோப்பு வந்தது. புள்ளி, காற்புள்ளி, இதழ்ப் பெயரின் சுருக்கம் எல்லாம் பார்க்க அழகாக இருந்தன. இதழுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்தியாவில் பாம்புக்கடி இறப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆய்வுகளைக் காட்டுவார்கள். 2011ல் வந்தது, 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 45,900 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. 2020ல் ஈலைஃப் இதழில் வந்தது, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்றது. தலைப்புகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இந்த நிறுவனத்தார் 2011 ஆய்வை, ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருக்கிறது என்று நினைத்து நீக்கிவிட்டு இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள். 45,900 என்ற கணக்குக்கு ஆதாரம் தேடிப் போகிறவர் 2020 கட்டுரையில் போய் நிற்பார். அதோடு, ஈலைஃப் கட்டுரைக்குப் பக்க எண்ணே கிடையாது, இ54076 என்ற கட்டுரை எண்தான். அந்த இடத்தில் '1-12' என்று ஒரு பக்க எண்ணை இவர்களே போட்டிருந்தார்கள். தெரியாததை விட்டுவிடாமல், கற்பனை செய்து நிரப்பியிருக்கிறார்கள்.

பெயர்களிலும் குழப்பம். நம் பக்கத்து ஆசிரியர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், சில இடங்களில் தந்தை பெயரே பின்னால் முழுதாக வரும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படித்தான் போட வேண்டும். இவர்கள் கடைசியில் இருப்பதெல்லாம் குடும்பப் பெயர் என்று வைத்து, ஒரே ஆசிரியரை இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் காட்டியிருந்தார்கள்.

இதுவரை சொன்னதை அலட்சியம் என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விட முடியாது. நாங்கள் கொடுத்ததைவிடப் பட்டியல் நீளமாக இருந்தது. சர்க்கரை நோயாளியின் கால் புண், பல் சிகிச்சை என்று பாம்புக்கடிக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் முன்னுரை வாக்கியங்களில் செருகப்பட்டிருந்தன. சிலவற்றில் ஆசிரியர் பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. தங்களிடம் பணம் கட்டிய வேறு ஆட்களுக்கு மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறார்கள் என்பதுதான் என் முடிவு. இன்னும் சில கட்டுரைகள் பப்மெட்டில் கிடைக்கவில்லை. அவற்றின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் தனி அடையாள எண்ணைப் போட்டால் அப்படி எதுவும் இல்லை என்று வருகிறது. தலைப்பு மட்டும் நம்பும்படி இருந்தது.

தொலைபேசியில் கேட்டேன். "டாக்டர், ரிவ்யூவர் யாரும் ரெஃபரன்ஸை எல்லாம் திறந்து பார்க்க மாட்டாங்க. எண்ணிக்கை அதிகமா இருந்தா சீக்கிரம் அக்செப்ட் ஆகும்" என்று பதில் வந்தது. திருத்தித் தர இன்னும் 2,000 ரூபாய் கேட்டார்கள். அத்தோடு இதழின் தளத்துக்கான என் பாஸ்வேர்டையும் கேட்டார்கள், தாங்களே சமர்ப்பித்துத் தருவார்களாம். தயவுசெய்து யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள். உள்ளே போனவர் ஆசிரியர் பட்டியலில்கூடக் கை வைக்கலாம்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய கோபம். 1980ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு என்ற கடும் வலிநிவாரணி வகை மருந்து பெற்ற நோயாளிகளில் அடிமையானவர்கள் மிகக் குறைவு என்றது. 2017ல் அதே இதழில் வந்த ஆய்வு, அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியதைக் கண்டது. அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேல், அடிமைத்தனம் அரிது என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தன. மருத்துவமனையில் தங்கியவர்களைப் பற்றிய கடிதம் என்பதைப் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. மூலத்தைத் திறந்து பார்க்காத மேற்கோள் வலிக்கு மருந்து எழுதும் மருத்துவரின் கை வரை போகும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் ரெஃபரன்ஸ்களை மூலத்தோடு ஒப்பிடுவதும், திரும்பப் பெறப்பட்ட (வெளியான பிறகு செல்லாது என்று விலக்கிக்கொள்ளப்பட்ட) கட்டுரை எதுவும் அதில் இல்லை என்று பார்ப்பதும் கட்டுரையை எழுதியவரின் பொறுப்பு என்றுதான் சொல்கிறது.

இன்னொரு சேதமும் உண்டு. ரெஃபரன்ஸ்களைச் சேர்த்துவைத்து எண்ணிடும் ஜோட்டேரோ மென்பொருளில் நாங்கள் மேற்கோள்களை இணைத்து வைத்திருந்தோம். அந்த இணைப்பை முழுக்க அறுத்து வெறும் எழுத்தாக்கிவிட்டார்கள். அதன்பின் நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் எண்களையெல்லாம் கையால் மாற்ற வேண்டும். திருத்தத்துக்கு மறுபடி அவர்களிடமே போக வேண்டிய நிலை. நல்லவேளை, அசல் கோப்பு எங்களிடம் இருந்தது.

அசலிலிருந்தே தொடங்கி, பைசா செலவில்லாமல் முடித்தோம். ஜோட்டேரோ இலவசம். டிஓஐ அல்லது பப்மெட் எண்ணைக் கொடுத்தால் விவரத்தை எடுத்துக்கொள்ளும், இதழின் பாணியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலை அமைத்துத் தரும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் எச்சரிக்கும். ஒன்றிரண்டு கட்டுரைக்கு பப்மெட்டிலேயே 'சைட்' (Cite) பொத்தான் இருக்கிறது. இதழ்ப் பெயரின் சுருக்கத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள் எடுக்கும் விவரத்திலும் பிழை வரும், ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. ஏற்கெனவே இப்படி யாரிடமாவது கொடுத்து, கட்டுரை இப்போது இதழின் பரிசீலனையில் இருந்தால், இன்றைக்கே பட்டியலைச் சரிபார்த்துவிட்டு இதழ் ஆசிரியருக்கு எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் என்றால் திருத்திய கோப்பை அனுப்பினால் போதும். வெளியான பிறகு என்றால் பிழைதிருத்த அறிவிப்பு போட வேண்டிவரும், அது உங்கள் எல்லோருடைய பெயரோடும் நிலைத்திருக்கும்.